ரொட்டி வேனின் முன்னச்சு

ரிவர்ஸ்டேல்
9 மார்ச் 1997

அன்புள்ள மரே,

படி ஏறும்போது முனகும் முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் நன்றாகவே இருக்கிறேன். நீயும் ஹினேவும் எப்படி? தீவில் காற்று பலமாக அடிக்கிறது என்று வானொலியில் சொன்னார்கள். கூரை பத்திரமா? தொலைபேசியில் கூப்பிட்டால் இந்தக் காற்றைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் ரொட்டி வேனின் மேலிருந்த தார்ப்பாயை நேற்று எடுத்துவிட்டேன். பக்கவாட்டில் பேக்கரியின் பெயர் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. உள்ளே எலிகள் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. பேட்டரியை மாற்றியதும் டீசல் என்ஜின் இருமி இருமி எழுந்துகொண்டது. கராஜ் முழுக்கக் கரும்புகை. தனியாக நின்று சிரித்தேன். கடைசியாக நீ இதை நேர்த்தடப் பந்தயத்தில் ஓட்டியபோது, பச்சை விளக்கு எரிந்த பிறகும் பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கார் கால் மைலையும் முடித்துவிட்டது. "எடை பூரா முன்னாடி, இழுக்கிறது பின்னாடி. நாலு சக்கரமும் இழுக்கணும் நோலீன். அதை மட்டும் பண்ணிட்டா இந்த வேன் எல்லாரையும் அழ வச்சிரும்" என்றாய். அடுத்த மாதமே மீன் ஆலை வேலைக்கென்று தீவுக்குப் போனாய். ஆறு வருடம் ஆகிறது. அம்மாவின் அடக்கத்துக்கு வந்த இரண்டு நாளைத் தவிர உன்னை நான் பார்க்கவில்லை.

நான்கு சக்கரமும் இழுக்கும்படி நானே செய்துவிட்டால், வந்து ஓட்டுவாயா? அடுத்த மார்ச்சில் சீசனின் கடைசிப் பந்தயம். ஒரு வருடம் இருக்கிறது. நான் புவியியல் டீச்சர்தான். ஆனால் கிரேம் கிறைஸ்ட்சர்ச்சில் வேறு வீடு, வேறு மனைவி என்று போன பிறகு மாலை நேரங்கள் நிறைய மிஞ்சுகின்றன. ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

வருவாய் என்றால் தொடங்குகிறேன்.

ஹினேவுக்கு என் அன்பு.
நோலீன்


வைடாங்கி, சாட்டம் தீவு
2 ஏப்ரல் 1997

நோலீன்,

எல்லாரும் சுகம். கூரையும் சுகம். உன் கடிதத்தை ஹினேவுக்குப் படித்துக் காட்டினேன். "உங்க அக்காவுக்குப் பைத்தியமா?" என்று கேட்டாள். "இல்ல, டீச்சர்" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறாள்.

வருவேன். எழுதி வைத்துக்கொள். மார்ச் பந்தயத்தில் அந்த ஸ்டீயரிங்கின் பின்னால் நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்போது கவனமாகக் கேள். ஆலைக்குப் பின்னால் நாலு சக்கரமும் இழுக்கும் இரண்டு பழைய வேன்கள் கிடக்கின்றன. அதில் ஒன்று மற்றபடி நம்முடையதைப் போலவே. ஒருத்தன் அதை ஓடையில் இறக்கிவிட்டான். மேல்பாகம் நசுங்கல், அடிப்பாகம் தங்கம். முன்னச்சையும், என்ஜின் வேகத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியையும் என் கையாலேயே கழற்றி, டிமாருவுக்குப் போகும் கப்பலில் ஏற்றுகிறேன்.

ஒரே ஒரு விதி. மாட்டுவதற்கு முன் எண்ண வேண்டும். சக்கரம் ஒரு சுற்று வர, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று. முன்னச்சிலும் பின்னச்சிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன் சக்கரம் ஒரு நடை, பின் சக்கரம் ஒரு நடை என்று இழுத்து, நடுவில் இருப்பதை உடைத்துவிடும். நான் இங்கே எண்ணிவிட்டுத்தான் அனுப்புவேன். எண்ணாமல் நான் எதையும் மாட்டியதில்லை, உனக்கே தெரியும்.

கராஜ் கதவைத் திறந்து வைத்து வேலை செய். டீசல் புகை உன் பாடத்தை எல்லாம் மறக்கடித்துவிடும்.

மரே


ரிவர்ஸ்டேல்
18 மே 1997

அன்புள்ள மரே,

உன் கடிதத்தைக் கராஜ் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். "வருவேன்" என்ற வரி கண் மட்டத்தில் இருக்கிறது. நான் சுகம். விரல் நகங்களைப் பற்றி மட்டும் கேட்காதே. வகுப்பில் பிள்ளைகள் என் கையையே பார்க்கிறார்கள்.

கோர் ஊரில் காயலான் கடை வைத்திருக்கும் டக்கியை உனக்கு ஞாபகம் இருக்கும். வெல்டிங் அவர் செய்கிறார், மற்றதெல்லாம் நான். முன்னச்சு உட்காரத் தாங்கிகள் வைத்தாயிற்று. முதல் நாள் நான் கையேட்டோடு வண்டிக்கு அடியில் போனதைப் பார்த்து, "நோலீன், அது வேனு. அதுக்குப் பரீட்சை வைக்க முடியாது" என்றார்.

"நீங்க பற்ற வச்ச இடம் கோணலா இருக்கு. அதுக்குப் பாதி மார்க்தான்" என்றேன்.

"உன் தம்பி வரட்டும், சொல்றேன். அவன்தான் இதை ஓட்டப்போறானா? அவன் வந்தாத்தானே!" என்றார். வருவான் என்று சொல்லிவிட்டு நட்டை இறுக்கினேன். தேவைக்கு மேல் இறுக்கிவிட்டேன்.

அச்சு எப்போது கப்பலேறும்? குளிர் வந்துவிட்டது. கராஜில் எண்ணெய் ஹீட்டர் வைத்து, சீஸ் ரோல் சுட்டுத் தின்றுகொண்டே வேலை செய்கிறேன். வீட்டுக்குள் இருப்பதைவிட அங்கேதான் கொஞ்சம் ஆள் நடமாட்டம் இருப்பது போல் தோன்றுகிறது, ஆள் நான் மட்டும்தான் என்றாலும்.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே எழுது.
நோலீன்


வைடாங்கி
24 ஆகஸ்ட் 1997

நோலீன்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் மூன்று கடிதமும் வந்தன. ஆலையில் வேலை அதிகம். இங்கே எல்லாம் நலம். கையெழுத்து கோணலாக இருந்தால் குளிர் என்று வைத்துக்கொள்.

அச்சும் பெட்டியும் போன வாரம் கப்பலேறின. ஹினேவின் தம்பி டாமே ஏற்றிவிட்டான். எண்ணினேன். உன் பின்னச்சுக்குச் சரியாக இருக்கும். மாட்டு.

ஊருக்குள் போக வர நடைதான் இப்போதெல்லாம். தொப்பை குறைகிறது என்று ஹினேவுக்குச் சந்தோஷம்.

மரே


ரிவர்ஸ்டேல்
5 அக்டோபர் 1997

அன்புள்ள மரே,

ஓடுகிறது!

நலம் விசாரிப்பதை இன்று பின்னால் வைத்துக்கொள்கிறேன். டிமாருவிலிருந்து அச்சை டக்கி லாரியில் ஏற்றி வந்தார். "எண்ணணுமா?" என்று கேட்டார். "மரே எண்ணியிருக்கான், போதும்" என்றேன். இரண்டு சனிக்கிழமைகளில் மாட்டி முடித்தோம். நேற்று மழை விட்டதும் ஆற்றுப் பக்கத்துச் சரளைச் சாலைக்கு ஓட்டிப் போனேன். மிதித்தேன். மரே, பின் சக்கரங்கள் சுற்றவே இல்லை. நாற்காலியோடு யாரோ என்னைத் தூக்கி எறிந்த மாதிரி வண்டி கிளம்பியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் எல்லாம் ஓடிவிட்டன. டக்கி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "ரொட்டி வேனா இது! ரொட்டியெல்லாம் கூரையில ஒட்டிக்கும்!"

நீ இருந்திருக்க வேண்டும்.

டிசம்பரிலேயே வந்தால் என்ன? பந்தயத்துக்கு முன் நீ நாலு தடவையாவது ஓட்டிப் பழக வேண்டாமா? பின்னறையில் கட்டில் போட்டுவிட்டேன். ஹினேவும் வரட்டும். கிரேமின் பழைய மேசையை வெளியே எடுத்தது இதற்காகத்தான் என்று சொன்னால் நம்பு.

உன் உடம்பு எப்படி? நடை, தொப்பை எல்லாம் சரி, உன் லாரி என்ன ஆயிற்று? விற்றுவிட்டாயா?

நோலீன்


வைடாங்கி
3 நவம்பர் 1997

நோலீன்,

சபாஷ். உண்மையாகச் சொல்கிறேன், நான் செய்திருந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் முடித்திருக்க மாட்டேன்.

டிசம்பரில் முடியாது. மார்ச்சைப் பற்றி மார்ச்சில் பேசுவோம். நீயே ஓட்டேன். கட்டியவள் நீ. விளக்கு பச்சையாகும் வரைக்கும் காத்திருக்காதே, கடைசி மஞ்சளிலேயே பிரேக்கிலிருந்து காலை எடு. அவ்வளவுதான் சூட்சுமம்.

லாரி இருக்கிறது. ஹினே ஓட்டுகிறாள்.

எல்லாரும் நலம்.
மரே


ரிவர்ஸ்டேல்
8 டிசம்பர் 1997

அன்புள்ள மரே,

நீங்கள் எல்லாரும் நலம் என்று எழுதியிருந்தாய். அதை நான் பலமுறை படித்தேன்.

சனிக்கிழமை, பழக்க ஓட்டத்துக்காக இன்வர்கார்கில்லுக்கு வெளியே உள்ள தடத்துக்கு வேனைக் கொண்டுபோனோம். வெயில். காய்ந்த தார். வரிசையில் மெதுவாக நகரும்போதே டயர்கள் கீச்சிட்டன, திரும்பாமல் நேராகப் போகும்போதே. கோட்டிலிருந்து மிதித்தேன். பாதி தூரம் போவதற்குள் என் காலுக்குக் கீழே துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பிரித்துக் கொடுக்கும் பெட்டியின் உறை இரண்டாகப் பிளந்துவிட்டது. தார் முழுக்க எண்ணெய். மற்றவர்களெல்லாம் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, நானும் டக்கியும் மரத்தூளைப் போட்டுக் கூட்டினோம். ஒருவரும் திட்டவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு அச்சையும் ஜாக்கியில் தூக்கினேன். டயர்களில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஷாஃப்டைக் கையால் சுற்றி எண்ணினேன். முன்னும் பின்னும் ஒன்றாக இல்லை. கொஞ்சம்தான் வித்தியாசம். சரளையில் டயர் வழுக்கி அதை மறைத்துவிட்டது. இங்கே நாம் எல்லாவற்றையும் சரளையில்தானே ஓட்டிப் பார்க்கிறோம். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை.

டக்கி சொன்னார், "மனுஷன்னா ஒரு தடவை எண்ணிக்கை தப்பும்." நான் தலையாட்டினேன். ஆனால் மரே, பதினோரு வயதில் என் சைக்கிளைக் கழற்றிப்போட்டுவிட்டு, ஒரு பால்ரஸ் குறைகிறது என்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு வர மறுத்தவன் நீ. நீ எண்ணியிருந்தால் தப்பியிருக்காது.

அதனால் நீ எண்ணவில்லை. ஏன் என்று கேட்க மாட்டேன். எண்ண முடியாத இடத்தில் இருந்தாய் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸுக்குப் பழக் கேக் அனுப்பியிருக்கிறேன். அழுத்தமான டப்பா, திறக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டும்.

நோலீன்


வைடாங்கி
20 ஜனவரி 1998

அன்புள்ள நோலீன்,

நான் ஹினே. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். கேக் அருமை. உங்கள் கடிதத்துக்கு அவர் பதில் எழுதவில்லை, எழுதவும் மாட்டார். மேசையில் விரித்துவைத்து உட்காருவார், மடித்துவிடுவார். அதனால் நான் எழுதுகிறேன். அவருக்குத் தெரியாது.

போன ஜூனில் ஆலையில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். வலிப்பு. விமானத்தில் கிறைஸ்ட்சர்ச்சுக்குக் கொண்டுபோனோம். ஐந்து வாரம் அங்கே ஆஸ்பத்திரியில் இருந்தார். உங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு பகல் தூரம். "நோலீனுக்குச் சொல்லலாமா?" என்று தினமும் கேட்டேன். "அவ வேன் வேலையை விட்டுட்டு வந்துருவா. வேண்டாம்" என்று ஒரே பிடிவாதம். அச்சைக் கழற்றினது டாமே. இரண்டு வேன் கிடந்ததில் எதிலிருந்து எதைக் கழற்றினானோ, அவனுக்கே தெரியாது. எண்ணவில்லை என்று எழுதினால் நீங்கள் ஏன் என்று கேட்பீர்கள். அதனால் எண்ணினேன் என்று எழுதிவிட்டார்.

நவம்பரில் இரண்டாம் தடவை வந்தது. வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், எத்தனை வருடத்துக்கோ. சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், மாத்திரையால் கொஞ்சம் தூக்கம். மற்றபடி பரவாயில்லை. லாரியில் எனக்குப் பக்கத்தில் உட்கார மாட்டார். மழையிலும் நடந்தே போவார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

ஹினே


ரிவர்ஸ்டேல்
1 பிப்ரவரி 1998

அன்புள்ள மரே,

இங்கே வெயில் நன்றாக இருக்கிறது. நானும். நீ நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

வேன் பிழைத்துவிட்டது. பிளந்த உறைக்கு மாற்றையும், முன்னச்சுக்குப் பொருத்தமான பல்சக்கரங்களையும் டக்கி தன் கடையில் எங்கோ புல்லுக்குள்ளிருந்து கண்டுபிடித்தார். பல்சக்கரங்களைப் பின்னச்சில் மாட்டியாயிற்று. இந்தத் தடவை நானே எண்ணினேன். நீ முதலிலேயே எண்ணச் சொன்னாய், நான்தான் கேட்கவில்லை. தப்பில் எனக்கும் பாதி.

ஓட்டுவது யார் என்ற பேச்சு முடிந்தது. நீ சொன்னபடி நானே ஓட்டுகிறேன். ஹெல்மெட் வாங்கிவிட்டேன், அதைப் போட்டுக்கொண்டால் கிணற்றுத் தவளை மாதிரி இருக்கிறேன். ஆனால் ஒரு ஆள் வேண்டும். வண்டியைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவர, முன்னால் நின்று கையால் இடம், வலம் காட்ட ஒருவர் நிற்பாரே, அவர். முந்தின வண்டிகள் விட்ட ரப்பர் தடத்தில் என்னை நிறுத்த வேண்டும். எனக்கு உள்ளேயிருந்து எதுவும் தெரிவதில்லை. டக்கிக்கு இடம் எது வலம் எது என்பதில் நிரந்தரச் சந்தேகம்.

மார்ச் 14. அந்த வேலைக்கு வருவாயா? அதற்கு இரண்டு கையும் ஒரு திட்டுகிற வாயும் போதும்.

நோலீன்


வைடாங்கி
20 பிப்ரவரி 1998

நோலீன்,

நலம். சிங்கி இறால் சீசன், லீவு கிடைக்காது. கோட்டில் நின்று கை ஆட்டுவதற்கு நான் எதற்கு? யாராவது செய்வார்கள்.

நன்றாக ஓட்டு.
மரே


ரிவர்ஸ்டேல்
16 மார்ச் 1998

அன்புள்ள மரே,

உடம்பு முழுக்க வலி, மற்றபடி சுகம். நீயும் ஹினேவும் சுகம் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஓட்டினேன். விதி உனக்குத் தெரியும். எத்தனை நொடியில் முடிப்போம் என்று நாமே கண்ணாடியில் எழுத வேண்டும், மெதுவான வண்டிக்கு முதலில் பச்சை. எழுதியதைவிடச் சீக்கிரம் முடித்தால் தோல்வி. ஷூவுக்குப் போடும் வெள்ளைச் சாயத்தில் பத்தொன்பது நொடி என்று எழுதினேன். டக்கி பார்த்துவிட்டு, "நோலீன், வேகமா ஓடுவேன்னு சொல்லப் பயமா?" என்றார். "ஓடுமோ என்னவோ" என்றேன். "அதுதான் பயம்" என்றார்.

எதிரில் வின்டன் ஊர்க் கசாப்புக்காரர், சின்ன பிக்கப்பில். அவருக்கு முன்னால் நின்று அவர் மனைவி, "இன்னும் வா, இன்னும் வா, குருடா, இந்தப் பக்கம்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். என் முன்னால் யாரும் இல்லை. டக்கி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கறி பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தார், பயத்தில். அந்த அம்மாவே தன் புருஷனை நிறுத்திவிட்டு என் பக்கம் வந்து கையை ஆட்டினாள். "வாம்மா. இடது. போதும். நில்லு. நல்லாப் போயிட்டு வா" என்றாள். எதிராளியின் மனைவி!

கடைசி மஞ்சளில் காலை எடுத்தேன். வண்டி போயிற்று, மரே. நாலு சக்கரமும் இழுத்தன. உடைகிற சத்தம் எதுவும் இல்லை. கசாப்புக்காரர் பின்னால் பார்க்கும் கண்ணாடியில்கூடத் தெரியவில்லை. பதினெட்டரைக்கும் கீழே ஓடிவிட்டேன். அதனால் தோற்றேன். நான் என்னைப் பற்றிச் சொன்னது குறைவாகப் போய்விட்டது.

கூட்டம் எழுந்து நின்று சிரித்தது, கை தட்டியது. தடத்தின் முடிவில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. பக்கத்து இருக்கையில் மரத்தூள் பை. மற்ற வண்டிகளைச் சுற்றி மனைவிகள், தம்பிகள், மடக்கு நாற்காலிகள், தெர்மாஸ். நான் அங்கேயே உட்கார்ந்து, ஒரு வருடமாக நான் கட்டியது வேன் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். உன்னை இழுத்துக்கொண்டு வருவதற்கு ஒன்று. ஏழு வருடமாக நீ வரவேண்டும், வரவேண்டும் என்றே இருந்திருக்கிறேன். தீவு விமானம் இரண்டு பக்கமும் பறக்கிறது என்பது ஒரு புவியியல் டீச்சருக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் விடுமுறையில் வருகிறேன். 16ஆம் தேதி வியாழக்கிழமை விமானம். சீட்டு வாங்கிவிட்டேன், திருப்பித் தர மாட்டார்களாம். விமானத்தளத்துக்கு ஹினே வந்தால் போதும். நீ வேலையில் இருப்பாய், வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம். எதுவும் பேச வேண்டாம். வேண்டுமானால் காற்றைப் பற்றிப் பேசுவோம்.

நோலீன்


வைடாங்கி
2 ஏப்ரல் 1998

நோலீன்,

பதினெட்டரைக்குக் கீழே! கண்ணாடியில் பத்தொன்பது எழுதின கையை வெட்ட வேண்டும்.

கம்பளி கொண்டுவா. வியாழக்கிழமை லாரியில் வருவோம். ஹினே ஓட்டுவாள். நான் போன ஜூனிலிருந்து ஓட்டுவதில்லை, வலிப்பு வருகிறது, ஓட்டக்கூடாது. உனக்குத் தெரியும் என்று தெரியும். ஹினேவைத் திட்டவில்லை, கொஞ்சம்தான்.

அவளுக்குப் பக்கத்து இருக்கையில் நேற்றுதான் முதல் தடவை உட்கார்ந்து பார்த்தேன். கடை வரைக்கும். வழி முழுக்க அவள் கியர் மாற்றுகிற லட்சணத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். வாசலில் இறக்கிவிட்டு, "நாளைக்கும் இதே வாயோட வருவியா, இல்ல வாயை மட்டும் வீட்டுல விட்டுட்டு வருவியா?" என்று கேட்டாள்.

வருகிறோம்.

மரே